சாரதா சீனிவாசன்

சாரதா சீனிவாசன் (பிறப்பு: 1966) தொல்லுலோகவியல் அறிஞர். பெங்களூரிலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தின் பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர். சோழர் காலச் செப்புத்திருமேனிகளின் கலவையும் காலமும், தமிழகத்து மூசை உருக்கு, வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் ஆகியவை அவர் ஆய்வின் முதன்மைக் களங்கள். பரதநாட்டியக் கலைஞரும்கூட. 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கல்வி

தந்தை எம். ஆர். சீனிவாசன் அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த பொறியாளர். சாரதா மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்து 1987-ல் பட்டம் பெற்றார். பிறகு லண்டனுக்குச் சென்று, கீழை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் முதுகலை முடித்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் நிறுவனத்தில் தென்னிந்தியப் படிமங்களின் உலோகத்தை ஆராய்ந்து 1996-ல் முனைவரானார். இயற்பியலில் தொடங்கி கலை வரலாற்றுக்கு வந்த அந்தப் பாதைதான் அவரைத் தனித்துக் காட்டுகிறது. படிமத்தின் மகுடத்தையும் ஆடை மடிப்பையும் பார்த்துக் காலம் சொல்லும் மரபு ஏற்கெனவே வலுவாக இருந்தது. அதனோடு உலோகத்தின் சாட்சியத்தையும் அவர் சேர்த்தார்.

செப்புத்திருமேனிகள்

கோயில் திருமேனிகளில் பெரும்பாலானவற்றில் கல்வெட்டு கிடையாது. வார்த்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லும் ஓலையும் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் லண்டன் அருங்காட்சியகங்களிலும் உள்ளவை உட்பட சுமார் 130 படிமங்களிலிருந்து, பார்வைக்குத் தெரியாத இடத்தில் நுண்துளையிட்டுச் சிறு துகள்களை எடுத்து சாரதா சோதித்தார். பெரும்பாலானவை காரீயம் கலந்த வெண்கலம். வெள்ளீயத்தின் அளவு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த வரம்பு தற்செயலன்று. செம்பு தன்னுள் கரைத்துக்கொள்ளக்கூடிய வெள்ளீயத்தின் அளவு ஏறத்தாழ அதுதான். அதற்கு மேல் போனால் வார்ப்பு நொறுங்கும் தன்மை கொள்ளும், உளி வேலைக்கு இடங்கொடாது. ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும் இப்படிமங்களில் பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே இருந்தன.

காலத்தைக் கணிக்க அவருக்கு உதவியது காரீயம். இயற்கையில் அதற்கு 204, 206, 207, 208 என்று நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. முதலாவது மாறாதது. மற்ற மூன்றும் யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகிக்கொண்டே வருபவை. ஆகவே ஒரு கனிமப் படிவு எந்தக் காலத்தில், எந்தப் பாறையில் உருவானதோ அதற்கேற்ற விகிதம் அதன் காரீயத்தில் பதிந்துவிடும். உலையில் உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. ஒரே காலத்துப் பட்டறைகள் ஒரே மூலத்திலிருந்து உலோகம் பெற்றிருந்தால் அவற்றின் படிமங்கள் விகிதத்தில் ஒன்றாகக் கூடும். காலம் ஐயமின்றித் தெரிந்த படிமங்களை அளவுகோலாக வைத்து, தெரியாதவற்றை அவர் வகைப்படுத்தினார். இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. உடைந்த பழைய திருமேனியை உருக்கிப் புதியது வார்த்தால் கலவை குழம்பும். அதனால்தான் தனி ஒரு படிமத்தின் எண்ணை விடக் கூட்டமாகக் கிடைக்கும் எண்களை நம்ப வேண்டும்.

இவ்வாய்வின் புகழ்பெற்ற முடிவு ஆடவல்லானைப் பற்றியது. ஆனந்த தாண்டவ நடராசர் உலோகத்தில் முதலில் சோழர் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் உருவானார் என்பதே பரவலான கருத்து. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் சென்னை அருங்காட்சியகத்திலும் உள்ள இரு நடராசர்கள் பல்லவர் காலப் படிமங்களின் கூட்டத்தோடு பொருந்துவதை சாரதா காட்டினார். அதன்படி இவ்வடிவம் 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கே செல்கிறது. நடராசருக்கும் விண்மீன் கூட்டங்களுக்கும் உள்ள தொடர்பைக் குறித்து வானியலாளர் நிருபமா ராகவனுடன் சேர்ந்தும் அவர் எழுதியுள்ளார். அது உலோகச் சான்றைப் போல உறுதியானதன்று. ஆயினும் சிந்திக்கத் தூண்டுவது.

ஆய்வுக்கூடத்தோடு அவர் நிற்கவில்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச்செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கும் முறையை நேரில் பார்த்துப் பதிவு செய்தார். கையில் உள்ள தொழிலையும் மண்ணில் புதைந்த பொருளையும் ஒன்றை வைத்து மற்றொன்றை விளங்கிக்கொள்வது அவருடைய வழக்கம்.

இரும்பு மலைகளும் மூசை உருக்கும்

சாரதா ஆராய்ந்த மூசை உருக்குக்கு அடிப்படை இரும்பு. அதன் தாதுவுக்குப் பெயர்பெற்றது சேலம் வட்டாரம். 1864-ல் வெளியான நிலவியல் அறிக்கையில் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம் வட்டார மாக்னடைட் இரும்புத் தாதுவை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தனர். அவற்றில் ஒன்று தலமலை–கொல்லிமலைத் தொகுதி. கஞ்சமலையும் தீர்த்தமலையும் கோதுமலையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. சேலம் வட்டாரத்தில் ஓடை மணலில் கழுவியெடுத்த கருந்தாதுவைச் சிற்றுலையில் கரியோடு இட்டுத் துருத்தியால் ஊதி இரும்பு செய்த குடிகள் 19-ஆம் நூற்றாண்டு வரை இருந்தார்கள். அந்தத் தாதுவை நம்பித்தான் ஜோசையா ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். அது தழைக்கவில்லை.

நல்ல இரும்பை மரத்துண்டு, இலை ஆகியவற்றோடு களிமண் மூசையில் அடைத்துப் பல மணி நேரம் சுட்டால் கரி இரும்பில் ஏறி உருக்காகிவிடும். ஐரோப்பியர் ஊட்ஸ் என்றழைத்த இந்த உருக்கை லண்டனில் மைக்கேல் ஃபாரடே போன்றவர்களே ஆராய்ந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் பழைய செம்புச் சுரங்கங்களைத் தேடித் தென்னார்க்காட்டில் அலைந்த சாரதா, மேல்சிறுவளூரில் அதுவரை யாரும் பதிவு செய்யாத மூசை உருக்குத் தலத்தைக் கண்டார். சிதறிக் கிடந்த மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த உலோகத் துளிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அவை கரி மிகுந்த உருக்கு என்பது தெளிவாயிற்று. 1994-ல் இதை வெளியிட்டார். எனக்கு அவருடைய பணியில் மிகவும் பிடித்தது இதுதான். நடராசரைத் தேடி அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போவார்கள், வயலோரத்து மூசைச் சில்லைக் குனிந்து எடுப்பவர் குறைவு. கொல்லிமலை போன்ற இரும்பு மலைகளின் அடிவாரக் கசடுக் குவியல்களும் அதே கவனத்துக்கு உரியவை.

இந்திய அறிவியல் நிறுவனத்தின் உலோகவியல் பேராசிரியர் எஸ். ரங்கநாதனுடன் இணைந்து இந்த உருக்கின் வரலாற்றை 2004-ல் நூலாக எழுதினார்.

வெள்ளீயம் மிகுந்த வெண்கலம்

ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கற்குவை ஈமச்சின்னங்களிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் நெடுநாள் புதிராக இருந்தன. அவற்றில் வெள்ளீயம் சுமார் 23 சதவீதம். இத்தகைய கலவையைச் சாதாரணமாக ஆறவிட்டால் கண்ணாடி போல உடையும். 586 டிகிரி செல்சியசுக்கு மேல் அது பீட்டா நிலையில் இளகி இருக்கும்போது அடித்து வடித்து, உடனே நீரில் தோய்த்தால் அந்த நிலை உறைந்து நின்றுவிடும். கிண்ணமும் உறுதியாகும், தட்டினால் கணீரென ஒலிக்கும். கேரளத்துக் கன்னார் (வெண்கலத் தொழிலாளர்) பட்டறைகளில் இந்த முறை உயிரோடிருப்பதை சாரதா பதிவு செய்து, பெருங்கற்காலக் கிண்ணங்களின் நுண்கட்டமைப்போடு ஒப்பிட்டார். இயன் குளோவருடன் 1995-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. ஆரன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயம் சுமார் 33 சதவீதம் என்பதையும், டெல்டா என்னும் கடினமான நிலையே அதற்கு வெள்ளி போன்ற பளபளப்பைத் தருகிறது என்பதையும் விளக்கியவர் அவர்.

பிற பணிகள்

இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வடக்குத் தெலங்கானாவின் பழைய இரும்பு, உருக்குத் தலங்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்த திட்டத்தில் பங்கேற்றார். இலங்கையின் சமனலவேவாவில் பருவக்காற்றால் இயங்கிய உலைகளைக் கண்டறிந்த கில் ஜூலெஃப் அதில் உடன் பணியாற்றினார். ஹம்பியின் மரபுச் செல்வத்தை எண்ம முறையில் ஆவணப்படுத்திய நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். 2021-ல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்தின் பன்னாட்டு மதிப்புறு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.