கண் நிறத்துக்கு ஒரு அட்டவணை

நீலக் கண்ணுக்குச் செம்பு நிறம். பச்சைக் கண்ணுக்கு ஊதா. பழுப்புக் கண்ணுக்கு எல்லா நிறமும் பொருந்தும். ஐஷேடோ, அதாவது இமை மேல் பூசுகிற வண்ணப்பொடி, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எந்த வீடியோவைப் பார்த்தாலும் இந்த மூன்று வரிதான் சுற்றிச் சுற்றி வரும். முதல் இரண்டோடு எனக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவதுதான் உறுத்துது. நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு அட்டவணையில் ஒரு வரிசைக்கு மட்டும் "எது வேணாலும் சரி" என்று விடை வந்தால், அந்தக் கேள்வியே அந்த வரிசைக்குப் பொருந்தலைன்னுதான் எடுத்துக்குவேன். உலகத்தில் பெரும்பான்மையோர் இருப்பது அந்த வரிசையில். நம்ம ஊரில் கிட்டத்தட்ட எல்லாரும். அப்போ இந்த அட்டவணையை யார், யாரை மனசில் வைத்துப் போட்டார்கள்?

இதன் வேர் ஒப்பனை மேசையில் இல்லை, ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறது. பாரிசில் கோப்லான் என்று அரசுக்குச் சொந்தமான திரைச்சீலை நெசவுக்கூடம் ஒன்று உண்டு. 1824இல் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் அங்கே சாயப்பிரிவின் பொறுப்புக்கு வந்தார். வந்ததும் ஒரு புகார்: கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தால் மங்கிப் போகுது. ஷெவ்ரல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூலை வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கோளாறு பக்கத்து நிறத்தில். எந்த நிறமும் தன் அருகில் இருப்பதைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டும் என்று கண்டுபிடித்தார். நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, பச்சைக்கு எதிர் சிவப்பு. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அதில் ஓவியம், தோட்டம், சீருடை எல்லாம் வரும்; எந்த முடிக்கும் மேனிக்கும் என்ன நிறத்தில் உடையும் தொப்பியும் எடுப்பாக இருக்கும் என்றும் வரும். மனுஷர் 102 வயது வரை இருந்தார், 1889இல்தான் போனார்.

செம்பு நிறத்துக்குப் பக்கத்தில் நீலக் கண் இன்னும் நீலமாகத் தெரிவது இந்த விதிப்படிதான். ஆனால் இது எல்லாக் கண்ணிலும் ஒரே அளவுக்கு வேலை செய்யாது. நீலக் கண்ணில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. கருவிழியின் முன்பக்கம் மெலனின் குறைவு. உள்ளே போகிற ஒளியில் நீலப் பகுதி அதிகமாகச் சிதறித் திரும்பி வருது. வெளிறிய, லேசான நிறம். பக்கத்தில் எதை வைத்தாலும் மாறித் தெரியும். அடர்பழுப்புக் கண்ணில் மெலனின் நிறைய இருப்பதால் வருகிற ஒளியில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். ஏற்கனவே கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற நிறத்தை எந்தப் பக்கம் தள்ளினாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகராது. "எல்லா நிறமும் பொருந்தும்" என்பதன் நேர்மையான மொழிபெயர்ப்பு, "எந்த நிறமும் பெரிதாக எதையும் செய்யாது".

அட்டவணையாக இதை விற்றவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கதையைத் தொடங்கி வைத்ததில் கேமராவுக்கும் பங்கு உண்டு. மௌனப்பட காலத்தின் ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். சிவந்த உதடு கறுப்பாகப் பதியும். நீலக் கண் வெளுத்துப்போய் செத்த மீன் கண் மாதிரி விழும். அந்த நடிகர்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு அடித்தாக வேண்டிய கட்டாயம். ஹாலிவுட்டில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் மேக்ஸ் ஃபேக்டர், போலந்திலிருந்து வந்த யூதர். 1920களின் கடைசியில் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவியபோது, 1928இல் அதற்கென்றே தனி ஒப்பனை வரிசை தயாரித்தார்.

திரைக்கு வெளியே அவர் விற்றது "கலர் ஹார்மனி" என்ற கொள்கையை. 1918இல் முகப்பவுடரோடு தொடங்கியது. மேனி, முடி, கண் மூன்றையும் பார்த்து உனக்கு இன்ன பவுடர், இன்ன உதட்டுச்சாயம் என்று அட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. ஆனாலும் அவருக்கு முடிதான் முதலில். 1935இல் ஹாலிவுட்டில் ஹைலண்ட் அவென்யூவில் திறந்த ஒப்பனைக்கூடத்தில் நாலு அறைகள்: பொன்முடிக்காரிகளுக்கு நீலச் சுவர், செம்முடிக்குப் பச்சை, கருமுடிக்கு இளஞ்சிவப்பு, பழுப்பு முடிக்கு பீச். நீலச் சுவருக்கு முன்னால் பொன்முடி, பச்சைக்கு முன்னால் செம்முடி! ஷெவ்ரலின் விதியைச் சுவரிலேயே அடித்து வைத்திருந்தார்கள். பொன்முடி அறையைத் திறந்து வைத்தது ஜீன் ஹார்லோ.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். ஹார்லோவின் வெள்ளிப்பொன் முடி வெளுக்க வைத்தது, பிறவியில் வந்ததில்லை. அவரைப் பார்த்து ஊரே முடியை வெளுத்துக்கொண்டிருந்த காலம். காலையில் கருமுடி அறைக்காரி, மாலையில் பொன்முடி அறைக்காரி என்று ஆனால் எந்த அட்டையை எடுப்பது? எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மாறக்கூடிய ஒன்றை ப்ரைமரி கீயாக வைத்தால் டேபிள் நாறிவிடும். அதே 1930களின் நடுவில் ரிச்சர்ட் ஹட்நட் நிறுவனம் "மார்வெலஸ்" என்ற வரிசையைக் கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைத்தது. முடியை விடு, கண்ணைப் பார், மாறாதது அதுதான் என்பது அவர்கள் விளம்பரத்தின் வாதம். பவுடர், ரூஜ், உதட்டுச்சாயம், ஐஷேடோ, மஸ்காரா ஐந்தும் கண் நிறத்தின்படி. நீலத்துக்கு டிரெஸ்டன், சாம்பலுக்கு பேட்ரிஷியன், பழுப்புக்கு பாரிசியன், ஹேசலுக்கு கான்டினென்டல் என்று பெயர்கள். வெளிர் கண்ணின் நுணுக்கத்துக்கு மூன்று பெட்டி. தேன் நிறத்திலிருந்து கும்மிருட்டு வரை எல்லாப் பழுப்புக்கும் ஒன்றே ஒன்று. தங்கள் வாடிக்கையாளர்களை எண்ணிப் போட்டிருக்கிறார்கள். வியாபாரமாக அதில் தப்பு சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை, அந்தக் காலத்து விதி அடிக்கடி இன்றைய விதிக்கு நேர் எதிர். நீலக் கண்ணுக்கு நீலத்தையே பூசினார்கள். 1963இல் வந்த கிளியோபாட்ராவில் எலிசபெத் டெய்லரின் நீலம் கலந்த கண்களுக்கு மேலே அப்பிய நீலத்தைப் படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பளீர் நீலத்துக்குப் பக்கத்தில் வெளிர் நீலம் சாம்பலாகத்தான் தெரியும் என்பது ஷெவ்ரல் கணக்கு. டெய்லரின் கண்ணுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை.

1980இல் கரோல் ஜாக்சனின் "கலர் மீ ப்யூட்டிஃபுல்" வந்தபோது பெட்டிகளுக்குப் பருவகாலப் பெயர்கள் கிடைத்தன. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். பெரும்பாலான ஆசியர்களும் கறுப்பினத்தவரும் குளிர்காலத்துக்குள் போனார்கள். அட்டவணை புதுசு, கடைசி வரிசை பழசு.

நம்ம பக்கம் அட்டவணையே இருந்ததில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரியாக்கி விளக்கெரித்து, அந்தப் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. பிறகு ஐடெக்ஸ் டப்பி. எதுவானாலும் கறுப்பு மட்டும். இது வறுமை இல்லை, சரியான இடத்தில் கைவைத்த தீர்வு. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கண்ணுக்கும் உதட்டுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாடு ஆண்களைவிடப் பெண்கள் முகத்தில் அதிகம், ஒப்பனை அதை இன்னும் கூட்டுகிறது என்று காட்டியது. மை செய்வது அதைத்தான். கருவிழி என்ன நிறம் என்று அது கேட்பதே இல்லை.

அப்போ பழுப்புக் கண்ணுக்காரர் ஐஷேடோ வாங்கும்போது எதைப் பார்க்கணும்? கண்ணை இல்லை, இமைத் தோலை. பொடி உட்காரப் போவது அதன் மேலே, போட்டியும் அதோடுதான். அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு "பழுப்புக் கண்களுக்கு" என்று எழுதியிருந்த பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினாள். இளஞ்சிவப்பு, லாவெண்டர் எல்லாம் அழகழகாக இருந்தது. பூசினதும் "என்ன மாமா, விபூதி வெச்ச மாதிரி இருக்கு?" என்றாள். காரணம் லேசானது. வெளிர் நிறம் வரணும்னா டைட்டானியம் டையாக்சைடு போன்ற வெள்ளை நிறமியைச் சேர்த்தாகணும். வெள்ளைத் தோலில் அந்த வெள்ளை மறைஞ்சுடும். மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்துத் தெரியும். பெட்டியில் போட்டிருந்த கண் நிறம் சரியாகத்தான் இருந்தது, மேனி நிறத்தைப் பற்றித்தான் ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் அவள் எடுத்தது செம்பு, அடர் கத்தரிப்பூ, மயில் கழுத்துப் பச்சை. வெள்ளை அதிகம் கலக்காத நிறங்கள். கடைக்குழல்விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து, முழங்கைக்கு உள்பக்கம் தேய்த்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினாள். பழைய பெட்டியின் லாவெண்டரை மட்டும் தூக்கிப் போடவில்லை. முதலில் கறுப்பு மையை இமை மேல் மெல்லிசாக இழுத்துவிட்டு அதன் மேல் ஒற்றினால் நன்றாகப் பிடிக்கிறதாம்.