மார்ட்டன் பாதவலி: பெயரும் மருத்துவமும்

முன்னுரை

பாதத்தின் முன்பகுதியில், பெரும்பாலும் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே, எரிச்சலும் மரப்பும் கலந்து நீடிக்கும் வலியை மருத்துவ நூல்கள் ‘மார்ட்டன் நரம்புக்கட்டி’ எனக் குறிக்கின்றன. இதனை முதலில் கண்டவர் மார்ட்டன் அல்லர்.  அது உண்மையில் கட்டியும் அன்று. நோய்க்காரணம் பற்றிய கருத்து மாறியபோது மருத்துவமும் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூட்டிலிருந்து நரம்புக்கு

இத்தாலிய உடற்கூற்றியலாளர் சிவினினி 1835இல் உள்ளங்கால் நரம்பில் ஒரு வீக்கத்தைப் பதிவு செய்தார். இங்கிலாந்தின் பாத மருத்துவர் டர்லாக்கர் 1845இல் இவ்வலியை நரம்புநோயாக விவரித்தார். எனினும், 1876இல் பிலடெல்பியாவின் அறுவை மருத்துவர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டன் நான்காம் விரலின் அடிமூட்டையே நோயிடமாகக் கொண்டார். அருகிலுள்ள எலும்புகளுக்கிடையே நரம்புக்கிளைகள் நசுங்குவதாகக் கருதி, அம்மூட்டை வெட்டி நீக்கினார். 1893இல் ஹோட்லி நரம்பையே திறந்து நோக்கி, அதிலிருந்த சிறு தடிப்பை அகற்றினார். ஆஸ்திரேலிய மருத்துவர் பெட்ஸ் 1940இல் நரம்பே நோயிடம் என வலியுறுத்தியபின், நரம்பை வெட்டி நீக்கும் முறை பரவலாயிற்று.

வெட்டலிலிருந்து விடுவித்தலுக்கு

நரம்பை நீக்கினால் விரலிடையில் உணர்ச்சி மறைகிறது. வெட்டப்பட்ட நுனியில் புதிய கட்டி உருவாகி வலி மீளவும் கூடும். உண்மையான நரம்புக்கட்டி இங்கு அறுவைக்குப் பின்னரே தோன்றுகிறது என்பது கருதத்தக்கது. நுண்ணோக்கி ஆய்வுகள், முதலில் காணப்படும் தடிப்பு நரம்பைச் சூழ்ந்த நாரிழையப் பெருக்கமே எனக் காட்டின. இதனை நரம்பு நெருக்கமாகக் கொண்ட கோத்தியே, 1979இல் நரம்பை வெட்டாது, அதன்மேல் குறுக்காகச் செல்லும் பிணைநாரை மட்டும் அறுத்து நெருக்கத்தை நீக்கும் முறையை வெளியிட்டார்.

இன்று முன்பகுதி அகன்ற காலணி, பாதத்தடியில் வைக்கும் மெத்தைத் திண்டு, ஸ்டீராய்டு ஊசி ஆகியவை முதலில் கையாளப்படுகின்றன. அவை பயனளிக்காதபோதே அறுவை கருதப்படுகிறது. அப்போதும் நரம்பை நீக்குவதா, விடுவிப்பதா என்னும் விவாதம் தொடர்கிறது.

முடிவுரை

மூட்டு, கட்டி, நெருக்கம் என நோய்க்காரணம் மூன்று நிலைகளில் உணரப்பட்டது. அவ்வுணர்வுக்கேற்ப நோயாளர் முதலில் எலும்பையும் பின்னர் உணர்ச்சியையும் இழந்தனர். மருத்துவம் மாறிய பின்னும் பழைய பெயர் நிலைத்துள்ளது. ‘கட்டி’ என்ற சொல் அகற்றுதலையே தீர்வாக எண்ணத் தூண்டுவதால், நோய்ப்பெயர்களைத் தமிழாக்குவோர் சொற்பொருளோடு அப்பெயரின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.