ஒரு மருந்துச் சீசாவும் இரு சட்டங்களும்

மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்தெடுக்கும் மருந்துக்கு டிங்சர் என்று பெயர். அத்தகைய மருந்துகளுள் கஞ்சா டிங்சரைப் போல் சட்டத்தின் கையில் அலைக்கழிந்தது வேறொன்று உண்டோ என்பது ஐயமே. அச்சீசாவினுள் இருப்பவை இரண்டு பொருள்கள். இரண்டையுமே அரசுகள் ஐயக்கண் கொண்டு நோக்கின.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராயிருந்த ஓஷானசி என்னும் ஐரிஷ் மருத்துவர், 1839ஆம் ஆண்டில் இம்மருந்தை மேனாட்டு மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி அமைத்தவரும் இவரே. கஞ்சாச் சத்து மூன்று கிரெயினை ஒரு டிராம் சாராயத்தில் கரைத்து, இசிவு நோய்க்கும் காலராவுக்கும் தந்து பார்த்தார். விரைவில் இலண்டன் மருந்துக்கடைகளிலும் அது இடம்பிடித்தது. 1893-94ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவோ, முழுத் தடை வேண்டியதில்லை, வரியும் கட்டுப்பாடுமே போதும் என்றது.

திருப்பம் 1925இல் நேர்ந்தது. ஜெனீவாவில் கூடிய அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி கஞ்சாவையும் சேர்க்க வேண்டுமென வற்புறுத்தினார். விளைவாக, கஞ்சாச் சத்தும் டிங்சரும் அனைத்துலகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1932இல் பிரிட்டிஷ் பார்மகோபியா என்னும் அதிகார மருந்து நூலிலிருந்தும் டிங்சர் நீங்கியது. ஆயினும் பிரிட்டனில் மருத்துவர் எழுதித் தந்தால் 1973 வரை அதனைப் பெற முடிந்தது.

மருந்தின் மேலும் குறை இல்லாமலில்லை. ஒரு சீசாவின் வீரியம் மற்றொன்றில் இராது, அளந்தறியவும் வழியில்லை. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை அறிவியலார் கண்டதே 1964இல்தான். சட்டம் அதுவரை காத்திருக்கவில்லை.

இந்தியாவில் சிக்கல் இரட்டிப்பாயிற்று. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் சாராயம் கலந்த மருந்துகளையும் தடுத்தபோது, அப்பகுதி செல்லாது என 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955இல் வந்த ஆயத்தீர்வைச் சட்டம் சாராயமோ அபினியோ கஞ்சாவோ கலந்த மருந்துகளுக்கு வரி விதித்தது. 2017இல் பொருள் சேவை வரி வந்ததும் அது நீக்கப்பட்டது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வேறு வழி சென்றது. கஞ்சாவின் சத்தையும் டிங்சரையும் ‘மருத்துவக் கஞ்சா’ என்று பெயரிட்டு, அபினியிலிருந்து செய்பவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது. பூந்துணர் சேராத வெறும் இலையை மட்டும் கஞ்சாவின் இலக்கணத்திலிருந்து விலக்கியது. எனவே பாங்கு அரைக்கும் இலை ஒருபுறம், பூந்துணரைச் சாராயத்தில் ஊறவைத்த மருந்து மறுபுறம். இலையையே சாராயத்தில் ஊறவைத்தால் அது எப்புறம் சேரும்? வழக்கறிஞர் வாதிட இடமுண்டு. விற்பவனுக்கோ அது சிறைக்கும் வணிகத்துக்கும் இடைப்பட்ட வினா.

1961ஆம் ஆண்டின் அனைத்துலக ஒப்பந்தமும் ‘சத்தும் டிங்சரும்’ என்னும் சொற்களை முதற் பட்டியலில் ஏற்றியிருந்தது. போதை தருவதையும் தராததையும் ஒருங்கே சுட்டும் அச்சொற்களை நீக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் வியன்னாவில் வாக்கெடுப்பு நடந்தது. கடுமைமிக்க நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27 நாடுகள் இசைந்தன, 25 மறுத்தன. டிங்சர் பற்றிய பரிந்துரைக்கோ 24 நாடுகளே ஆதரவு தர, 27 எதிர்த்தன. அச்சொற்கள் பட்டியலிலேயே நின்றன.