நியூயார்க் நகரக் கலாசாலையும் எழுத்துப் பயிற்சியும்

நம்முடைய கூட்டங்களில் மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வேண்டும், விடுதி வேண்டும், கலாசாலைகளில் இடம் வேண்டும் என்று பேசுகின்றோம். பேசத் தக்கதே. ஆயினும், இடம் பெற்று உள்ளே சென்ற பிள்ளை, ஆசிரியர் கேட்கும் வியாசத்தை எழுத மாட்டாமல் வெறுந்தாளின் முன் அமர்ந்திருக்கும் நிலையைக் குறித்துப் பேசுவார் மிகச் சிலர். இக்குறையை ஒரு பெருநகரம் எங்ஙனம் எதிர்கொண்டது என்பதை நேயர்கள் அறிதல் நலமென எண்ணி, அமெரிக்க ஐக்கிய நாட்டு நியூயார்க் நகரக் கலாசாலையின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

எழுத மாட்டாமை ஏழைகளுக்கே உரிய குறையென்று கருதுவோர், முதற்கண் ஹார்வர்டு சர்வகலாசாலையின் பழைய செய்தியொன்றை அறிதல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மிகுதியும் பயின்ற அவ்விடத்தில் 1874-ஆம் ஆண்டு முதல் நுழைவுப் பரீட்சையில் ஓர் ஆங்கில வியாசம் எழுதுவிக்கப்பட்டது. தாய்மொழியில் சிறு வியாசம் ஒன்றைப் பிழையற எழுதுவதே கேட்கப்பட்டது. தேறாதோர் தொகையைக் கண்டு ஆசிரியர்கள் திடுக்கிட்டனர். 1885-ல் முதலாண்டு மாணவர்க்கு எழுத்துப் பயிற்சி அங்குப் பாடமாக வைக்கப்பட்டது. ஆகவே இப்பாடம் முதலிற் கனவான்களின் புதல்வர்களுக்காகவே வேண்டப்பட்டது என்பதை நினைவிற் கொள்க.

நியூயார்க்கிலோ கதை வேறு. டவுன்ஸெண்ட் ஹாரிஸ் என்னும் வர்த்தகரின் முயற்சியால், நகர ஜனங்களின் வாக்கைப் பெற்று, 1847-ல் இலவசக் கலாசாலை ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. பிற்காலத்தில் நகரக் கலாசாலை, அதாவது சிட்டி காலேஜ், எனப் பெயர் பெற்றது இதுவே. சம்பளம் வாங்காமற் கற்பித்த காரணத்தால், ஐரோப்பாவினின்றும் குடியேறிய எளியோரின் மக்கள், சிறப்பாக யூதக் குடும்பத்தார், அதனை நாடி வந்தனர். இளம்பிள்ளை வாதத்திற்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் 1934-ல் இங்கேதான் பட்டம் பெற்றார்.

எனினும், சம்பளம் இல்லை என்பதனாலேயே வாயில் எல்லோர்க்கும் திறந்திருந்தது என்று சொல்லுதல் இயலாது. உயர்தரப் பள்ளியிற் பெற்ற மதிப்பெண்ணே திறவுகோலாயிருந்தது. கலாசாலை நிற்கும் மேட்டின் அடியிலேயே கறுப்பு மக்கள் நெருங்கி வாழும் ஹார்லெம் பகுதி இருக்கின்றது. அப்பகுதிப் பிள்ளைகள் அக்கட்டடங்களை நாள்தோறும் அண்ணாந்து பார்த்தனரேயன்றி, உட்புகுந்தார் மிகச் சிலரே. இக்குறையை நீக்குதற்பொருட்டு 1965-ல் 'ஸீக்' என்னும் சிறு திட்டம் ஒன்று தொடங்கிற்று. ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்டு, ஜூன் ஜோர்டன் முதலிய கவிஞர்கள் அதில் உபாத்தியாயினிகளாக அமர்ந்து எழுத்துப் பயிற்சி அளித்தனர். 1967-ல் மைனா ஷாக்னஸி என்னும் அம்மையாரும் வந்து சேர்ந்தார். தென் டக்கோட்டா மாகாணத்தில் பொற்சுரங்க ஊர் ஒன்றிற் பிறந்தவர் அவர்.

1969-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கறுப்பு மாணவரும் போர்ட்டோ ரீக்கோ மாணவரும் கலாசாலையின் தென்பகுதியைக் கைக்கொண்டு இரு வாரம் வரை அடைத்து வைத்தனர். நகரத்துப் பள்ளிகளில் எவ்வெவ்வினத்தார் எவ்வளவு பயில்கின்றனரோ, அவ்வளவே கலாசாலையிலும் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. பல ஆண்டு கழித்துச் செய்ய எண்ணியிருந்த மாற்றத்தை நிர்வாக சபையார் 1970-லேயே செய்துவிட்டனர். உயர்தரப் பள்ளியை முடித்தவர் எவராயினும் நகர சர்வகலாசாலையின் கலாசாலைகளுள் ஏதேனும் ஒன்றில் இடம் உண்டு என்று விதியாயிற்று. முந்திய ஆண்டு ஏறத்தாழ 20,000 பேர் சேர்ந்த இடத்தில் அவ்வாண்டு 35,000 பேர் சேர்ந்தனர்.

கதவு திறந்தது. அடுத்து வந்த வாரத்தில் ஆசிரியர் மேசைகளில் மாணவர் எழுதிய தாள்கள் வந்து குவிந்தன. பரம்பரையாக ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் கற்பித்துவந்த பண்டிதர்கள் அவற்றைக் கண்டு செயலற்றனர். வரிக்கு வரி பிழை. சிவப்பு மையால் திருத்தப் புகின் தாள் முழுதும் சிவக்கும். இவர்கள் கல்விக்கு அருகரல்லர் என்று சிலர் வெளிப்படையாகவே கூறினர்.

ஷாக்னஸி அம்மையார் அங்ஙனம் கூறவில்லை. 1970 முதல் 1974 வரை மாணவர் எழுதிய சுமார் 4,000 நுழைவு வியாசங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் எதனால் விளைந்தது என்று ஆராயத் தலைப்பட்டார். அவர் கண்டது யாதெனின், பிழைகள் கண்டபடி சிதறிக் கிடப்பன அல்ல. அவற்றிற்கும் ஒரு முறைமை உண்டு என்பதே. தன் வீட்டார் பேச்சில் ஒலியாத ஈற்றெழுத்தை மாணவன் எழுத்திலும் விட்டுவிடுகின்றான். ஒரு விதியை அரைகுறையாய்க் கற்றவன், அது செல்லாத இடத்தும் அதனைச் செலுத்துகின்றான். (நம்மவருள்ளும் நாவில் ழகரம் வாராத பிள்ளை ஏட்டில் ளகரம் எழுதுகின்றான் அன்றோ? அவனை மூடன் என்று சொல்லித் தலையிற் குட்டிய உபாத்தியாயர்களை யாமும் கண்டிருக்கின்றோம்.) இன்னும் ஒன்று. சிறு சிறு வாக்கியமாய் எழுதினால் பிழை குறையும். ஆனால் கருத்தும் குறையும். ஆழ்ந்த கருத்தொன்றைச் சொல்ல முயன்று நெடிய வாக்கியத்துட் புகுந்தவனே நடுவழியில் இடறுகின்றான். அவ்விடறலை முயற்சியின் அடையாளமாக ஆசிரியர் கொள்ளல் வேண்டும் என்றார் அம்மையார். எழுதுந்தோறும் தண்டிக்கப்பட்டவன் எழுதுவதையே சுருக்கிக்கொள்வான் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். எமது கருத்தில் அவர் கூறியவற்றுள் இதுவே தலையாயது. அச்சத்தாற் சுருங்கிய கையை இலக்கணச் சூத்திரம் ஒன்றே நிமிர்த்திவிடாது.

இவ்வாராய்ச்சி 1977-ல் 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்று பொருள்படும் தலைப்புடன் நூலாக வெளிவந்தது. கையெழுத்தும் நிறுத்தக் குறிகளும் முதலாக, வாக்கிய அமைதி, எழுத்துக் கூட்டல், சொல்வளம் எனப் படிப்படியாய்ச் செல்லும் அந்நூல் ஆசிரியர்களுக்காகவே எழுதப்பட்டது. மாணவனைத் திருத்துமுன் ஆசிரியன் கற்க வேண்டுவன பல உள என்பது அதன் உட்கிடை. நோயாளிக்கு மருந்திடுவது போன்ற பெயரால் வழங்கிவந்த இவ்வகுப்புகளுக்கு 'அடிப்படை எழுத்து' என்னும் கௌரவமான பெயரையும் அவரே வழக்கிற் கொணர்ந்தார்.

அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த புரூக்ளின் கலாசாலையில் கென்னத் புரூஃபி என்பார் வேறொரு வழி கண்டார். உதவிக்கென ஆசிரியர்களை அமர்த்தி வைத்தும் மாணவர் அணுகவில்லை. வகுப்பில் நேர்ந்த நாணமே ஆண்டும் நேரும் என அஞ்சினர் போலும். ஆதலின் மாணவருள்ளேயே சிலரைப் பயிற்றுவித்து, ஒருவர் எழுதியதை மற்றொருவர் அருகிருந்து வாசித்து, விளங்காத இடத்தை வினவும்படி செய்தார். அதற்கு மாணவர் வந்தனர். பிற கலாசாலைகளும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டன.

இம்முயற்சிகள் வேரூன்றுதற்குள் பொருள் முட்டுப்பாடு வந்தது. 1975-ல் நியூயார்க் நகரம் கடனில் மூழ்கிற்று. 1976-ல், 1847 முதல் வழங்கிவந்த இலவசக் கல்வி முடிவுற்று, சம்பளம் விதிக்கப்பட்டது. ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். எழுத்துப் பயிற்சியாளர் அவருள் முற்பட்டோர். ஷாக்னஸி அம்மையார் புற்றுநோயால் 1978-ல், தமது 54-ஆம் வயதில் காலமானார். நூல் வெளிவந்து ஈராண்டும் நிறையவில்லை. 1999-ல் நிர்வாக சபையார், நான்காண்டுப் பட்டம் அளிக்கும் கலாசாலைகளில் இவ்வகைத் தொடக்கப் பயிற்சி வகுப்புகளைப் படிப்படியாய் நீக்கிவிடத் தீர்மானித்தனர். அவ்வகுப்புகளால் கல்வித் தரம் தாழ்ந்தது என்பது அவர் கூறிய காரணம்.

தரம் தாழ்ந்ததோ இல்லையோ, வாயில் திறந்தபோது உட்புகுந்தவர் என்னவாயினர் என்று டேவிட் லேவின், பால் அட்டவெல் என்னும் இரு பேராசிரியர்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். 1970 முதல் 1972 வரை சேர்ந்த மாதரை முப்பது ஆண்டு கழித்துக் கண்டு விசாரித்து, 2007-ல் தம் முடிவை வெளியிட்டனர். அம்மாதருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றிருந்தனர். இல்லறம், பிள்ளைப்பேறு, கூலிவேலை இவற்றினிடையே விட்டும் தொட்டும் பயின்று, நெடுங்காலம் கழித்துப் பெற்றவர் பலர். கலாசாலை நாலாண்டுக் கணக்கில் தேறாதவர் என்று எழுதி வைத்திருந்த பெயர்களும் அவற்றுள் இருந்தன.