தோட்டப் பள்ளிக்கு அனுமதி

மலாயாவில் தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் இரண்டு சட்டங்களின்கீழ் நடந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளியையும் நிர்வாகியையும் ஆசிரியரையும் அரசிடம் பதிய வேண்டும் என்றது பள்ளிப் பதிவுச் சட்டம். சீனப் பள்ளிகளில் பரவிய அரசியலைக் கட்டுப்படுத்த 1920இல் நீரிணைக் குடியேற்றங்களில் பிறந்த அந்தச் சட்டத்தைக் கூட்டு மாநிலங்களும் பின்பற்றின. ஆக, அனுமதி வழங்கியவர்களின் முதல் கவலை கல்வித்தரம் அன்று.

கேமரன் மலைத் தோட்டங்களை எடுத்துக்கொண்டால், அங்கே தேயிலை வருமுன்பே இந்த இரண்டு சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு கியா பார்மை அடுத்த சுங்கை பாலாஸிலும் வடக்கே புளூ வேலியிலும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் எழுந்தன, பள்ளிகளும் வந்தன.

பள்ளி வைக்கச் சொன்ன சட்டம், எப்படிப்பட்ட பள்ளி என்பதைத் தோட்ட நிர்வாகியான துரையின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் ஒற்றை அறைதான் பள்ளி. கணக்கெழுதும் கிராணியோ வேலை வாங்கும் கங்காணியோதான் வாத்தியார். வேலைக்குப் போகும் வயது வந்ததும் பிள்ளையின் படிப்பு நின்றது. அரசு உதவித்தொகை பெற மேற்பார்வைக்கு உட்பட வேண்டியிருந்தது. வருகைப் பதிவேடு அதில் முக்கிய இடம் பெற்றது. பிள்ளை வந்ததா என்பதைப் பதிவேடு சொல்லும். எழுதப் படிக்கக் கற்றதா என்பதைச் சொல்லாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில் எந்த ஆய்வும் பள்ளியை உயர்த்திவிட முடியாது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த சீனிவாச சாஸ்திரியாரின் 1937ஆம் ஆண்டு அறிக்கை தோட்டப் பள்ளிகளின் குறைகளையும் பேசியது.

1951இல் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. தமிழர்கள் எதிர்த்தனர். 1956இன் ரசாக் அறிக்கையும் அடுத்த ஆண்டின் கல்விச் சட்டமும் பொதுப் பாடத்திட்டத்தின்கீழ் தமிழ்ப் பள்ளிகளுக்கு இடமளித்தன. துரையின் பொறுப்பிலிருந்த பள்ளி, தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்த திருப்பம் இது. இன்று மலேசியாவில் பள்ளிப் பதிவும் ஆய்வும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி நடக்கின்றன. பதிவுக்குத் தலைமைப் பதிவாளர். பள்ளிகளைப் பார்வையிட நசீர் எனப்படும் ஆய்வாளர்கள்.

பள்ளி நிற்கும் நிலம் மட்டும் பழைய கதையாகவே தொடர்கிறது. அரசு நிலத்தில் அமைந்த பள்ளிக்கு முழு உதவி. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளி பகுதி உதவிப் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடத்துக்கோ பெரும்பாலும் பள்ளி வாரியமும் பெற்றோரும் நன்கொடை தேடி அலைய வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் ஆள் குறைந்தால் பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துக்கு மாற்றவும் கல்வி அமைச்சின் ஒப்புதல் வேண்டும். பள்ளி நிற்கும் நிலத்தை அதன் பெயருக்கே எழுதித் தருவதுதான் அரசும் தோட்ட நிர்வாகங்களும் முதலில் செய்ய வேண்டியது.