சீவாளி: பாதுகாப்பும் எடுத்துச்செல்லலும்

சீவாளி என்பது நாதஸ்வரத்தின் வாய்ப்பகுதியில் பொருத்தப்படும் இரட்டை நாணல். ஊதுபவரின் மூச்சில் இதன் இரு இதழ்களும் அதிர்வதாலேயே கருவி ஒலிக்கிறது. ஆச்சா மரத்தில் கடையப்படும் உலவு எனப்படும் கருவியின் உடற்பகுதி பல்லாண்டு நிலைக்கும். சீவாளியோ விரைவில் தேய்ந்து மாற்றப்படுவது. எனவே கோயில் கோயிலாகச் செல்லும் மேளக் குழுவுக்குக் கருவிகளில் மிகுந்த கவனம் வேண்டுவது இச்சிறு உறுப்புக்கே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் உள்ள சாவகச்சேரி, நாதஸ்வர வித்துவான் கே. எம். பஞ்சாபிகேசனால் பெயர்பெற்ற ஊர். கோயில் திருவிழாக்களும் கலியாண வீடுகளும் நிறைந்த அப்பகுதியில் சீவாளியைப் பேணுவது அன்றாடத் தொழில்நுட்பம்.

அமைப்பு

காவிரிப் படுகையில் விளையும் கொறுக்கைத் தட்டையிலிருந்து சீவாளி செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் திருவாவடுதுறை இதற்குப் பெயர்பெற்றது. அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்வதற்குப் பெயர்பெற்றது. பதப்படுத்திய கொறுக்கையைத் தட்டையாக்கி, அடிப்பகுதியை நூலால் கட்டி, வாயை மெல்லியதாகச் சீவுவர். அடிப்பகுதி கெண்டை எனப்படும் சிறு உலோகக் குழாயில் செருகப்படும். கெண்டை உலவின் மேல்முனையில் அமரும். சுருதியும் நாதத்தின் தன்மையும் இதழ்களின் தடிப்பையும் வாயின் திறப்பையும் பொறுத்தவை. வாய் நசுங்கினாலோ ஓரம் பிளந்தாலோ சீவாளி பயன்படாது.

எடுத்துச்செல்லும் முறை

வாசிப்பு முடிந்ததும் சீவாளியைக் கழற்றி, உள்ளே தங்கிய எச்சிலை ஊதி வெளியேற்றி, மெல்லிய துணியால் ஒற்றி உலரவிடுவது முதற்படி. உள்ளே படிந்த தூசியைத் தந்தத்தாலோ கொம்பாலோ ஆன சிறு ஊசியால் நீக்கி, வாயின் திறப்பையும் அதைக்கொண்டே சரிசெய்வர். இவ்வூசியும் மாற்றுச் சீவாளிகள் சிலவும் நூலில் கோத்துக் கருவியின் மேல்முனையில் தொங்கவிடப்படுவது வழக்கம். ஒரு சீவாளி கச்சேரி நடுவில் கெட்டால் அடுத்ததைக் கணத்தில் பொருத்த இது உதவுகிறது. பயணத்திலோ தொங்கும் சீவாளிகள் உலவில் மோதி ஓரம் சிதையக்கூடும். ஆகையால் அவற்றை அவிழ்த்து, ஒன்றையொன்று அழுத்தாதபடி சிறு பெட்டியில் வைப்பது நல்லது. மேற்கத்திய ஓபோ கலைஞரும் தம் இரட்டை நாணல்களை இவ்வாறே தனித்தனிப் பள்ளங்கள் கொண்ட பெட்டியில் வைப்பர்.

உலவு, துணியுறையில் இட்டுப் பெட்டிக்குள் வைக்கப்படும். அடிமுனையில் உள்ள அகன்ற அணசு முதலில் அடிபடும் இடம்; அதைச் சுற்றித் துணி திணிக்க வேண்டும். குழுவின் கைத்தாளம் வழியெல்லாம் கிணுகிணுக்கும். இரு கிண்ணங்களுக்கும் இடையே துணி வைத்து அதன் கயிற்றாலேயே சுற்றிக் கட்டினால் ஓசை அடங்கும், விளிம்பும் தேயாது.  

பருவமும் காப்பும்

குடாநாட்டில் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருகிறது. அக்காலத்தில் சீவாளி ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமாக அடைத்தால் பூஞ்சணமும் பிடிக்கும். துளையிட்ட பெட்டியும் நிழற்காற்றில் உலர்த்தலும் இதற்கு மாற்று. தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட சோளகக் காலத்தில் இதழ்கள் இறுகி வாய் மூடிக்கொள்வதால், வாசிப்புக்கு முன் வாயிலோ நீரிலோ நனைத்து இளக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் பெட்டியை விடுவது நாணலை வெடிக்கச் செய்யும். உலவின் மரத்துக்கும் அது தீங்கு.

புதுச் சீவாளி உடனே முழு நாதம் தருவதில்லை. சிறிது சிறிதாக ஊதிப் பழக்க வேண்டும். ஆதலால் நன்கு பழகியவற்றோடு பாதி பழகியதும் புதியதுமாகச் சில சீவாளிகளை ஒருங்கே வைத்திருப்பதே முறையான காப்பு.