குர்துபாவில் எரிந்த கிதாபு



ஹிஜ்ரி 503-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1109-இல், அந்தலுஸின் குர்துபா நகரில் ஒரு நூல் எரிக்கப்பட்டது. பெரிய பள்ளிவாசலின் மேற்கு வாசலில், மக்கள் கூடியிருக்க, எண்ணெய் ஊற்றி அதைக் கொளுத்தினார்கள். நம் மதரஸாக்களில் இன்றும் கண்ணியத்தோடு கையில் எடுக்கப்படும் ‘இஹ்யா உலூமித்தீன்’தான் அந்த நூல். அதை எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அப்போது கிழக்கே உயிரோடு இருந்தார்கள். அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 505-இல்தான்.

ஆணையிட்டவர் முராபித்து அரசர் அலீ இப்னு யூசுஃப். அதற்கு முன்னின்றவர் குர்துபாவின் காழி இப்னு ஹம்தீன். மார்க்க விரோதிகள் எவரும் செய்த காரியமன்று இது. தொழுகையாளிகளும் ஆலிம்களும் சேர்ந்து செய்தது. இஹ்யாவின் முதல் பாகமாகிய ‘கிதாபுல் இல்ம்’, ஃபிக்ஹைக் கற்று அதைப் பதவிக்கும் பொருளுக்கும் ஏணியாக்கிக்கொள்ளும் ஆலிம்களைக் கடுமையாகச் சாடுகிறது. முராபித்து ஆட்சியில் ஃபுகஹாக்களின் சொல்லே சட்டம். அந்த வரிகள் யாரைச் சுட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் எதிர்த்தவர்கள் அனைவரையும் பதவி ஆசை பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நீதியாகாது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த இமாம் துர்தூஷீ (ரஹ்) அவர்கள் கஸ்ஸாலி இமாமை நேரில் கண்டவர்கள். அவர்களது அறிவை ஒப்புக்கொண்டவர்கள். நபி (ஸல்) அவர்கள் சொல்லாதவற்றை அவர்கள் பெயரில் அந்நூல் நிரப்பிவிட்டது என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. ஹதீஸ் துறையில் அது சிறிய குற்றச்சாட்டன்று. முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று.

எரித்தவர்கள் அத்தோடு நிற்கவில்லை. தம்மிடம் அந்த நூல் இல்லை என்று மக்களிடம் சத்தியம் வாங்கினார்கள். மக்ரிபில் வாழ்ந்த அபுல் ஃபள்ல் இப்னு நஹ்வீ (ரஹ்) என்ற ஆலிம், அந்தச் சத்தியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்று ஃபத்வா கொடுத்தார்கள். பிறகு இஹ்யாவை முப்பது பாகங்களாகப் பிரதியெடுத்து, ரமளானில் நாளுக்கு ஒரு பாகமாக ஓதி முடித்தார்கள். அல்மேரியாவில் அபுல் ஹஸன் பர்ஜீ (ரஹ்) அவர்களோ, எரித்தவரைத் தண்டித்து, நூலின் விலையை உரியவருக்குக் கொடுக்கச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். எரிந்தது ஒரு முஸ்லிமின் சொத்தல்லவா!

இவ்வரலாற்றில் என்னை நெடுநாள் உறுத்திய பெயர் இமாம் மாஸரீ (ரஹ்) அவர்களுடையது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விளக்கம் எழுதிய பெரும் மேதை. இஹ்யாவைப் பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்த நூலைத் தாம் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கஸ்ஸாலியின் மாணவர்களைக் கண்டதையும், அவர்கள் வாயிலாக அவரது போக்கை அறிந்ததையும் சொல்லிவிட்டு, கடுமையான விமர்சனத்தை முன்வைத்தார்கள். பின்னாளில் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) அவர்கள் இதற்கு விரிவாக மறுப்பெழுதினார்கள். ஆனால் அதே சுப்கீ, இஹ்யாவில் தமக்கு அறிவிப்பாளர் தொடர் கிடைக்காத ஹதீஸ்களை நீண்ட பட்டியலாகத் தொகுத்தும் வைத்தார்கள். ஆதரவாளர் என்பதற்காக அவர்கள் குறையை மறைக்கவில்லை.

இமாம் மாஸரீயைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், இளைஞர்களிடையே பரவியிருந்த ஒரு தன்முன்னேற்ற நூலைப் பெயர் சொல்லிக் கண்டித்தேன். அது ஈமானைக் கெடுக்கும் என்றேன். அடுத்த வாரம் என்னிடம் ஓதிய ஒரு மாணவி தன் உம்மாவுடன் வந்தாள். “ஹஜ்ரத், வாப்பா அந்தப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். அதில் எந்தப் பக்கம் தவறு என்று சொல்வீர்களா?” என்று கேட்டாள். நான் அந்நூலின் அட்டையை மட்டுமே கண்டிருந்தேன்.

இஹ்யாவுக்கு உண்மையில் பயன்பட்டவர்கள் வேறு விதமாக உழைத்தார்கள். ஹன்பலீ மத்ஹபின் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் அதன் பிழைகளைச் சுட்டித் தனி நூலே எழுதினார்கள். பிறகு அந்த இஹ்யாவையே எடுத்து, தாம் ஏற்காதவற்றை நீக்கி, ‘மின்ஹாஜுல் காஸிதீன்’ என்று சுருக்கித் தந்தார்கள். ஹதீஸ் மேதை ஸைனுத்தீன் இராக்கீ (ரஹ்) அவர்கள் இளமையிலேயே ஒரு பெரும் பணியைத் தொடங்கினார்கள். இஹ்யாவின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாகத் தேடி, இது புகாரியில் உள்ளது, இது பலவீனமானது, இதற்கு மூலமே கிடைக்கவில்லை என்று குறித்துச் சென்றார்கள். அவர்களின் ‘அல்முக்னீ’ என்ற அந்நூல் இன்று இஹ்யாவின் பல பதிப்புகளில் பக்கத்தின் அடியிலேயே அச்சாகிறது. மேலே கஸ்ஸாலி, கீழே இராக்கீ. பாடம் நடத்தும்போது என் விரல் மேலும் கீழுமாகப் போய் வருவதை மாணவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். இந்தியாவின் பில்கிராமில் பிறந்து காஹிராவில் மறைந்த முர்தளா ஸபீதீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதற்குப் பல பாகங்கள் கொண்ட விரிவுரையே எழுதினார்கள்.

அந்த மாணவியிடம் அன்று எனக்குப் பதில் இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கி, இரண்டு வாரங்களில் படித்து முடித்தேன். மனிதன் நினைத்தாலே எல்லாம் நடந்துவிடும் என்ற பொருளில் வந்த இடங்களில் பென்சிலால் கோடிட்டு, கத்ரைப் பற்றி ஓரத்தில் எழுதினேன். நேரத்தைப் பேணுவது குறித்த அத்தியாயத்தில் எழுத எனக்கு எதுவும் இருக்கவில்லை. பிரதியை அவளுடைய வாப்பாவின் கையிலேயே கொடுத்து, பயானில் நான் அவசரப்பட்டதையும் சொன்னேன். மூன்று மாதம் கழித்து அது திரும்பி வந்தது. என் குறிப்புகளில் இரண்டின் கீழே சிறிய எழுத்தில் அவள் மறுப்பெழுதியிருந்தாள்.